எலும்பில்லாத கை

பொரித்த பப்படம் ஒன்றைத் தட்டிலிருந்து எடுக்கிறீர்கள். கொஞ்சம் அழுத்தினால் நொறுங்கிவிடும். கொஞ்சம் தளர்த்தினால் நழுவி விழும். உங்கள் விரல்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள அளவைத் தாமாகவே அறிந்து வைத்திருக்கின்றன. அதே கையால்தான் சற்று முன்னர் நிரம்பிய தண்ணீர் வாளியைத் தூக்கினீர்கள். அழுத குழந்தையை வாரி இடுப்பில் வைத்தீர்கள். இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அன்புச் சகோதரிகளே, இந்தச் சின்ன வேலையை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியாமல் பெரிய பெரிய பொறியியலாளர்கள் எத்தனையோ ஆண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் கடைசியாகப் போய் நின்ற இடம் யானையின் முன்னால்.

அமெரிக்காவின் அட்லாண்டா மிருகக்காட்சிசாலையில் ஆபிரிக்கப் பெண் யானை ஒன்றுக்கு, ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விதவிதமான உணவுகளை வைத்துப் பார்த்தார்கள். சோள மாவில் செய்த மெல்லிய வறுவலும் அவற்றில் ஒன்று. நம்முடைய பப்படத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் தட்டையாகக் கிடந்த அந்த வறுவலை யானை எப்படி எடுத்தது தெரியுமா? தும்பிக்கையின் முனையை அருகே கொண்டுவந்து காற்றை உறிஞ்சியது. வறுவல் முனையில் வந்து ஒட்டிக்கொண்டது. உடையவில்லை. 2021இல் வெளியான அந்த ஆய்வின் கணக்குப்படி, தும்பிக்கைக்குள் காற்று செக்கனுக்கு 150 மீற்றர் வேகத்தில் பாய்கிறது. நாம் தும்மும்போது வெளிவரும் காற்றைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு வேகம் அது. மூக்குத் துவாரங்களை உள்ளேயே விரித்து இடத்தையும் கூட்டிக்கொள்கிறது. நீருக்குள் வாழும் மீன்கள் இரையை உறிஞ்சிப் பிடிப்பதை முன்னரே அறிந்திருந்தார்கள். தரையில் வாழும் இத்தனை பெரிய மிருகம் அதைச் செய்வது ஆய்வாளர்களுக்குப் புதிதாக இருந்தது.

பப்படத்தை உடையாமல் எடுக்கும் இதே மூக்குத்தான் மரக்குற்றியையும் புரட்டுகிறது. வளர்ந்த யானையின் தும்பிக்கை மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. ஆனால் அதற்குள் ஓர் எலும்பும் கிடையாது. முழங்கை இல்லை, மணிக்கட்டு இல்லை, விரல் மூட்டு இல்லை. முழுவதும் தசை.

எலும்பில்லாமல் எப்படி வேலை செய்ய முடியும்? இதற்கு விடை தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. அது உங்கள் வாய்க்குள் இருக்கிறது. நரம்பில்லாத நாக்கு என்று பேச்சுக்குச் சொல்வோம். நாவில் நரம்பு நிறைய இருக்கிறது, இல்லாதது எலும்புதான். குர்ஆன் மத்ரஸாவில் உங்கள் பிள்ளைக்கு எழுத்துகளின் மக்ரஜைச் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதைக் கேட்டுப் பாருங்கள். 'தா'வுக்கு நாவின் நுனி மேல் முன்பற்களின் அடியைத் தொட வேண்டும். 'ளாத்'துக்கு நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களில் பட வேண்டும். பெரிய 'காஃப்' வருவதற்கு அடிநாக்கு எழும்ப வேண்டும். மூட்டு ஒன்றுகூட இல்லாத ஒரே தசைத்துண்டு, ஒரு வசனத்தை ஓதி முடிப்பதற்குள் இத்தனை இடங்களையும் தொட்டுத் திரும்பிவிடுகிறது. 'ளாத்'தைச் சரியாகச் சொல்ல வைப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும் என்பது வேறு கதை!

தும்பிக்கையும் நாவும் ஒரே முறையில் இயங்குபவை. ரொட்டிக்குக் குழைத்த மாவை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். மெலிந்துகொண்டே நீளும். மாவின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரு பக்கம் நெருக்கியது மறுபக்கம் நீளமாகிறது. தசையும் பெரும்பாலும் நீர்தான். நெருக்கினால் சுருங்கி அளவில் குறையாது. தும்பிக்கையின் குறுக்கே ஓடும் தசைகள் இறுகும்போது அது மெலிந்து நீள்கிறது. நெடுகிலும் ஓடும் தசைகள் ஒரு பக்கத்தில் மட்டும் இறுகினால் அந்தப் பக்கம் வளைகிறது. சாய்வாகச் சுற்றிச் செல்லும் தசைகள் இறுகினால், நனைந்த துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொள்கிறது. எந்தத் தசை இறுகி நிற்கிறதோ அதுவே அந்த நேரத்துக்கு எலும்பின் வேலையையும் பார்க்கிறது.

தும்பிக்கையில் நாற்பதாயிரம் தசைகள் உள்ளதாகப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது பழைய மதிப்பீடு. எண்ணப்படுபவை தனித்தனித் தசைகளுமல்ல, தசைநார்க் கற்றைகள். ஜேர்மனியின் பேர்லின் நகர ஆய்வாளர்கள், இறந்துபோன ஆசிய யானைக்குட்டி ஒன்றின் தும்பிக்கையை நுண்ணிய எக்ஸ் கதிர்ப் படங்களாக எடுத்து 2023இல் கணக்கிட்டபோது ஏறத்தாழ 90,000 கற்றைகள் என்று தெரிந்தது. நம் உடல் முழுவதிலும் உள்ள தசைகள் அறுநூற்றுச் சொச்சம்தான்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கார் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ரோபோக் கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரும்பு எலும்பு, ஆறு மூட்டு, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார். நேற்று நின்ற இடத்தில் இன்றும் மயிரிழை பிசகாமல் வந்து நிற்கும். ஆனால் அவற்றைச் சுற்றிப் பெரும்பாலும் கம்பி வேலி போட்டிருப்பார்கள். ஏன்? குறுக்கே மனிதன் ஒருவன் வந்துவிட்டால் அந்தக் கைக்கு அது தெரியாது. அடித்துவிட்டுப் போய்விடும். வேலிக்குள் வைத்துக் காருக்கு ஆணி முறுக்க அது போதும். மனிதர்களின் பக்கத்தில் வைக்க உதவாது.

மனிதர்களின் பக்கத்தில் அப்படி என்ன வேலை என்கிறீர்களா? படுக்கையோடு இருக்கும் உம்மாவையோ மாமியையோ புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, உடுப்பு மாற்றிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆண்கள் வெளியே போன பிறகு தனியாளாக நின்று தூக்கியிருப்பீர்கள். அன்றிரவு முதுகு தெறித்திருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். தூக்கும் பலம் இரும்புக் கைக்கு வேண்டியளவு உண்டு. மெலிந்த உடம்பின் தோல் உரியாமல், எலும்பு நோகாமல் தூக்கும் பக்குவம்தான் அதற்கு இல்லை. பலமும் பக்குவமும் ஒரே உறுப்பில் சேர்ந்திருப்பதைத் தேடியவர்களின் கண்ணில் தும்பிக்கை பட்டதில் வியப்பில்லை.

யானையை இயந்திரத்தில் கொண்டுவரும் ஆசை புதியதுமல்ல. தியார்பக்கிரில் ஆட்சி செய்த அர்துகிய மன்னர்களிடம் பணிபுரிந்த அல்ஜஸரீ என்ற பொறியியலாளர், 1206இல் முடித்த தமது நூலில் யானைக் கடிகாரம் ஒன்றை வரைந்து விளக்கியிருக்கிறார். யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கும். அரை மணி நேரத்தில் அது நிறைந்து மூழ்கும்போது கயிறு இழுபட்டு, மேலே உள்ள பாகன் கையை ஓங்குவான். அருமையான வேலைப்பாடு. ஆனால் அங்கே யானை ஒரு கூடு மாத்திரமே. இன்றைய பொறியியலாளர்கள் செய்வது நேர்மாறானது. அவர்களுடைய இயந்திரத்துக்குக் காதும் இல்லை, தந்தமும் இல்லை. யானை என்றே சொல்ல முடியாது. உள்ளே வேலை செய்யும் முறை மட்டும் யானையுடையது.

முதலில் எடுத்த முயற்சிகளில் யானையை முழுதாக நம்பும் துணிவு இருக்கவில்லை. 1990களின் முடிவை ஒட்டி அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இயன் வோக்கரின் குழுவினர் செய்த தும்பிக்கையில் முதுகெலும்பு இருந்தது. சின்னச் சின்ன மூட்டுகளைக் கோர்த்து, சுருள்வில்லும் கம்பியும் வைத்து இழுத்தார்கள். மொத்தம் 32 விதமாக மடங்கக்கூடிய தும்பிக்கை அது. பொருள்களைச் சுற்றிப் பிடித்தது. ஆனாலும் அது பாம்பின் எலும்புக்கூட்டுக்குத்தான் கிட்டிய உறவு.

எலும்பை அறவே விட்டுவிட்ட தும்பிக்கை 2010இல் ஜேர்மனியிலிருந்து வந்தது. ஃபெஸ்டோ என்ற நிறுவனம், பிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து செய்தது. அந்த ஆண்டு ஜேர்மன் ஜனாதிபதி வழங்கும் எதிர்காலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தால், காற்று! துருத்தி போல மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து, அப்படி மூன்று பகுதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஒரு துருத்திக்குள் காற்றைச் செலுத்தினால் அந்தப் பக்கம் நீளும். தும்பிக்கை மறுபக்கம் வளையும். மூன்றிலும் செலுத்தினால் முழுவதுமாக நீளும். முனையில் மிருதுவான மூன்று விரல்கள். தக்காளியையோ கண்ணாடிக் கோப்பையையோ அது பிடிக்கும் விதம் பார்க்க அழகானது. மனிதன் மீது மோதினால் இடிக்காது. காற்றடைத்த பொருள்தானே, தானே வளைந்து விலகும். வேலி தேவையில்லை.

இத்தோடு காரியம் முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். உண்மையில் தொல்லையே இங்குதான் தொடங்கியது.

இரும்புக் கையில் ஆறு மூட்டு. எந்த மூட்டை எத்தனை பாகை திருப்பினால் கை எங்கே போகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். காற்றுத் தும்பிக்கையில் மூட்டே இல்லை. எந்த இடத்திலும் வளையலாம். ஓரிடத்தை அடைய எண்ணற்ற வழிகள். போதாததற்கு பிளாஸ்டிக் இழுபடும், பழையபடி உடனே சுருங்காது. இன்று இவ்வளவு காற்றுக்கு இங்கே வந்த முனை, நாளை அதே அளவு காற்றுக்கு வேறிடத்தில் நிற்கும். எல்லாப் பக்கமும் வளையும் சுதந்திரமே அதற்குச் சுமையாகிவிட்டது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஜேர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தினர் எடுத்த வழி தாய்மார்களுக்குப் பிடிக்கும். மத்தியாஸ் ரோல்ஃப், யோகன் ஸ்டைல் என்ற இரு ஆய்வாளர்கள் கைக்குழந்தையிடம் பாடம் கேட்டார்கள். உங்கள் பிள்ளை மல்லாந்து படுத்திருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தொட்டிலுக்கு மேலே தொங்கும் கிலுக்கட்டையைப் பார்த்துக் கையை வீசும், தவறும், மூக்கில் அடித்துக்கொள்ளும், மறுபடி வீசும். தன் கை எத்தனை விதமாக அசையும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்ட பிறகுதான் கிலுக்கட்டையைத் தொட வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. அந்த முறையையே காற்றுத் தும்பிக்கைக்கும் வைத்தார்கள். ஓர் இலக்கைக் கொடுப்பது, அதை நோக்கி அசைய விடுவது, எவ்வளவு தவறியதோ அதைக்கொண்டு திருத்துவது, மறுபடி அசைய விடுவது. இதற்கு அவர்கள் வைத்த பெயரின் கருத்து, இலக்கை நோக்கிய மழலை என்பதாகும். எல்லா வழிகளையும் தெரிந்துகொள்ள வேண்டாம்; போய்ச்சேர ஒரு வழி தெரிந்தால் போதும். அவ்வாறே அந்தத் தும்பிக்கை கற்றுக்கொண்டது.

யானைக்குட்டியும் இப்படித்தான் கற்கிறது. பின்னவலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். சின்னக் குட்டிக்குத் தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாது. கயிறு போல ஆட்டும், சில நேரம் தானே அதை மிதித்துக்கொள்ளும், நம் பிள்ளைகள் விரல் சூப்புவது போல வாயில் வைத்துச் சூப்பும். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் முழந்தாளிட்டு வாயால் குடிக்கும். தும்பிக்கை வசப்படுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வசப்பட்ட பிறகு பெரிய யானை என்ன செய்கிறது? இதைத்தான் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் தேடிப் போனார்கள். தென்னாபிரிக்காவில் இரண்டு ஆபிரிக்க யானைகளின் தும்பிக்கைகளில் ஒளியைத் திருப்பி வீசும் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, அகச்சிவப்புக் கமெராக்களைச் சுற்றி நிறுத்தி, விதவிதமான பொருள்களை எடுக்க வைத்தார்கள். சினிமாவில் நடிகரின் அசைவைப் பதிவு செய்து கார்ட்டூன் உருவத்துக்குக் கொடுப்பார்களே, அதே முறை. 2021இல் வெளியான முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லாப் பக்கமும் வளையக்கூடிய யானை, எல்லாப் பக்கமும் வளைவதில்லை! அதன் நூற்றுக்கணக்கான வேலைகளும் எண்ணிவிடக்கூடிய சில அடிப்படை அசைவுகளைக் கோர்த்துச் செய்யப்படுபவை. பல நேரங்களில் அது தும்பிக்கையின் ஒரு பகுதியை விறைப்பாக்கி, நடுவில் ஒரு முழங்கையை உண்டாக்கிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அந்த முழங்கை மறைந்துவிடும். அடுத்த வேலைக்கு வேறோரிடத்தில் தோன்றும். வளைவான பாதையில் போகும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாம் தாளில் வளைகோடு வரையும்போது கை வேகம் குறைகிறதே, அதே கணக்கில்.

அட்லாண்டாக் குழுவினரும் 2018இல் இதற்கு அண்மையான ஒன்றைக் கண்டிருந்தார்கள். தவிடு போன்ற பொடி உணவைக் குவித்து வைத்தால், யானை முனைக்குச் சற்று மேலே ஒரு மடிப்பை உண்டாக்கி, தும்பிக்கையின் பாரத்தையே குவியலின் மேல் இறக்கி அழுத்தி, சேர்த்து எடுக்கிறது. துகள் சிறிதாகச் சிறிதாக அழுத்தமும் கூடுகிறது. சிந்திய அரிசியை விரல் கூட்டி அள்ளுபவர்களுக்கு இது புரியும்.

ஆக, ரோபோ செய்பவர்கள் யானையிடம் முதலில் கேட்டு வாங்கியது மென்மையை. அந்த மென்மையை எங்கே, எப்போது விறைப்பாக்குவது என்ற அறிவு இரண்டாவதாக, தாமதமாகத்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. இப்போதைய வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றியவை. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தினர் 2025இல் ஒரு சின்ன யானை ரோபோவை வெளியிட்டார்கள். இதற்கு மட்டும் காலும் தும்பிக்கையும் உண்டு. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், பஞ்சு போன்ற ஒரே பொருளால் செய்தது. தும்பிக்கை துவள்கிறது, முறுக்கிக்கொள்கிறது. இடுப்பும் முழங்காலும் விறைப்பாக நின்று உடலைத் தாங்குகின்றன. பொருள் ஒன்றாக இருக்க இது எப்படி? தொழுகைத் தொப்பி பின்னும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரே நூல்தான், கண்ணியை இறுக்கினால் விளிம்பு நிமிர்ந்து நிற்கும், தளர்த்தினால் துவளும். அவர்களும் பஞ்சின் உள்ளே இருக்கும் கண்ணிகளின் வடிவத்தை இடத்துக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, நம் வீட்டுக் கட்டிலருகே இத்தகைய கை எப்போது வரும் என்று கேட்கத் தோன்றும். நேர்மையாகச் சொல்வதானால், நான் இதுவரை எழுதிய தும்பிக்கைகள் ஆய்வுகூடங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் உரியவை. நோயாளியைத் தூக்கும் தும்பிக்கை எதுவும் இவற்றில் இல்லை. காற்றால் இயங்குபவற்றுக்குக் காற்றமுக்கி வேண்டும். மென்மையானவை பாரம் தூக்குவதில் இன்னும் பலவீனமானவை. வைத்தியசாலைக்குள் வந்து சேர்ந்தவை இவற்றின் மெலிந்த உறவினர்கள்தாம். மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலின் உட்கிளைகள் வரை வளைந்து வளைந்து போய்ச் சிறு துணுக்கை எடுத்துவரும் ரோபோக் குழாய்களை அமெரிக்க அரசு 2018இலும் 2019இலும் அனுமதித்தது. யானையைப் பார்த்துச் செய்தவை என்று அவற்றைச் சொல்ல முடியாது. என்றாலும் மூட்டில்லாமல் வளையும் கருவியை ஆளும் அதே கணக்கு அங்கும் இருக்கிறது.

கட்டிலருகே வருவதற்கு இன்னொரு குறையும் தீர வேண்டும். மாமியைத் தூக்கும்போது அவர் "ஆ" என்று சொல்வதற்கு முன்பே, உடம்பு இறுகுவதை உங்கள் கை உணர்ந்து தளர்ந்துவிடுகிறது அல்லவா? யானைக்கும் அந்த உணர்வு அபாரமானது. தும்பிக்கையின் தொடுகையை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு, பார்வை நரம்பைவிடப் பருத்தது என்று பேர்லின் குழுவினர் 2022இல் அளந்து கண்டார்கள். கண்ணைவிடத் தொடுகையை நம்பி வாழும் மிருகம் அது. ரோபோத் தும்பிக்கைக்கு அப்படியொரு தோல் இன்னும் அமையவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு இத்தாலியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமையில் 2019இல் தொடங்கிய கூட்டுத் திட்டம், எடுத்துக்கொண்ட பணிகளில் ஒன்றாக, தொட்டு உணரும் தும்பிக்கையையும் வைத்திருந்தது. ஜெனீவாக்காரர்கள் யானைகளைப் படம் பிடித்ததும் அதன் ஓர் அங்கமாகத்தான்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு யானை பார்க்கப் போனால், தந்தம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் தும்பிக்கையின் முனையைக் கவனியுங்கள். ஆபிரிக்க யானைக்கு அங்கே இரண்டு விரல். நம் நாட்டு யானைக்கு ஒன்றுதான். அதனால் அது கிள்ளி எடுப்பதைவிடச் சுற்றி அணைத்துப் பிடிப்பதே அதிகம். தென்னோலை ஒன்றைப் போட்டதும் எந்த இடத்தில் முழங்கை தோன்றுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது மறைகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.